கூகிள் ஃபாரம் வயலுக்குப் போகாது

போன மாதம் எங்கள் காலை நடைப்பயிற்சி வாட்ஸப் குழுவில் ஒரு சுட்டி வந்து விழுந்தது. "டெல்டா விவசாயிகளின் தகவல் தேடலில் சமூக ஊடகங்களின் பங்கு. பி.எச்டி. ஆய்வு. தயவுசெய்து நிரப்பி, தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்." அனுப்பியது எங்கள் மாடியில் குடியிருக்கும் குடும்பத்துப் பெண். சின்ன வயசிலிருந்து பார்த்த பிள்ளை, மறுக்க மனசு வருமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தேன்.

முதல் கேள்வி வயது. இரண்டாவது கேள்வி, "உங்கள் நிலத்தின் அளவு". பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது. ஒரு ஏக்கருக்குக் கீழ், ஒன்று முதல் இரண்டரை, இரண்டரை முதல் ஐந்து, ஐந்துக்கு மேல் என்று நான்கு விடைகள். "நிலம் இல்லை" என்ற விடை இல்லை. எனக்கு இருப்பது பால்கனியில் ஐந்து துளசித் தொட்டியும் ஒரு கற்பூரவல்லியும். யோசித்துவிட்டு "ஒரு ஏக்கருக்குக் கீழ்" என்பதைத் தட்டினேன். பொய் இல்லையே! பிறகு நாற்பது கேள்விகள். மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை, உடன்படவில்லை, சற்றும் உடன்படவில்லை. பத்தாவது கேள்விக்கு மேல் கண் பூத்துப்போய் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்ததையே தட்டி முடித்தேன். "உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்றது.

மறுநாள் நடையின்போது விசாரித்தால், குழுவில் இருக்கும் ரயில்வேக்காரர் ஐந்து ஏக்கருக்கு மேல் என்று போட்டிருக்கிறார். "கேக்கறதுதான் கேக்கறாங்க, குறைச்சலா ஏன் சொல்லணும்?" என்கிறார். பெல் கம்பெனியில் ஓய்வு பெற்ற இன்னொருவர் இரண்டரை ஏக்கர். பாங்க் மேனேஜராக இருந்தவர் நிரப்பிவிட்டு தன் மருமகளுக்கு அனுப்பியிருக்கிறார், மருமகள் இருப்பது பெங்களூரில். ஆக ஒரே ராத்திரியில் திருச்சி டெல்டாவில் ஐந்து விவசாயிகள் கூடிவிட்டார்கள். தண்ணீர் திறக்காமலே!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். நானும் அன்றைக்குச் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் கோபம் வந்தது. அந்தப் பெண்மேல் இல்லை. அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற படிப்பின் மேல்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது நேயர் ஆய்வில். எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒலிபரப்பை யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், எதைப் புரிந்துகொள்கிறார்கள், எதை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. ஜோல்னாப் பையில் கேள்வித்தாள் கட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கவலை, நாய்க்கடி பயம். முப்பது வருஷத்தில் பாதி இப்படிப் போயிற்று. மீடியா ஆராய்ச்சி என்று இன்று கல்லூரி விளம்பரங்களில் போடுகிறார்களே, அதைத்தான் நாங்கள் பட்டம் இல்லாமல் செய்துகொண்டிருந்தோம்.

யோக்கியன் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1980களில் ஒரு மழைக்காலம். லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நாற்பது பெண்களைக் கேட்டு வர வேண்டும். முப்பத்து நான்கு முடித்தேன். மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸும் வந்துவிட்டது. பாக்கி ஆறு தாளை பஸ்ஸில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். மதியப் பெண்கள் நிகழ்ச்சி கேட்பதுண்டா? உண்டு. நேரம் வசதியாக இருக்கிறதா? இருக்கிறது. ஆறு பேர்தானே என்று பட்டது. நாற்பதில் ஆறு என்றால் நூற்றுக்குப் பதினைந்து. அறிக்கையில் அந்த நேரம் பெண்களுக்கு வசதியானது என்று போயிற்று. பல மாதம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனேன். நடவு நேரம். மதியம் அந்த நிகழ்ச்சி வரும் வேளையில் தெருவில் ஒரு பெண் கிடையாது. எல்லாரும் வயலில் முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்தார்கள். ரேடியோ வீட்டில் பூட்டிக் கிடந்தது. அந்த ஆறு பெண்களை நான்தான் உண்டாக்கினேன். அவர்கள் சொன்னதாக நான் எழுதியது எந்தக் கோப்பிலோ இன்னும் இருக்கும்.

அதனால் எனக்கு மோப்பம் உண்டு. உட்கார்ந்த இடத்தில் பிறந்த பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரொம்பச் சுத்தமாக இருக்கும். ஓய்வுக்காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஷோத்கங்கா தளத்தில் ஏற்றியிருக்கும் ஆய்வேடுகளைத் திறந்து படிப்பது. தொடர்பியல், இதழியல், மின்னணு ஊடகம் என்று தேடினால் கொட்டுகிறது. நல்லவையும் இருக்கின்றன, இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் எத்தனையோ ஆய்வேடுகளில் முதல் இரண்டு அத்தியாயத்தை மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. மக்லுஹான் வருவார், பயன்பாடும் மனநிறைவும் என்ற கோட்பாடு வரும், பிறகு ஐந்து விடைக் கேள்விகள், பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். கொடுத்த அட்டவணைகள். முடிவில், படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இணையம் பயன்படுத்துகிறார்கள் என்ற கண்டுபிடிப்பு. இதற்கு நான்கு வருஷமா?

அந்தப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்டேன். என் பதிலை எடுத்துவிடும்மா, நான் விவசாயி இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. "எனக்கும் தெரியும் தாத்தா. ஆனா முந்நூத்து எண்பத்து நாலு வரணும்" என்றாள்.

384! இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. க்ரெய்சி, மார்கன் என்ற இரண்டு பேர் 1970ல் ஒரு சின்னக் கட்டுரையில் ஓர் அட்டவணை போட்டார்கள். மொத்த ஜனத்தொகை பத்து லட்சம் என்றால் மாதிரிக்கு 384 பேர் போதும். நூற்றுக்கு 95 உறுதி, ஐந்து சதவீதம் முன்னே பின்னே. கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பத்து லட்சத்தில் ஒவ்வொருவருக்கும் மாதிரிக்குள் வர சம வாய்ப்பு இருக்க வேண்டும். சாம்பாரை அடிவரை கலக்கிவிட்டு ஒரு கரண்டி எடுத்தால் உப்பு தெரிந்துவிடும், அண்டா முழுக்கக் குடிக்க வேண்டியதில்லை. கலக்காமல் மேலே மிதக்கும் கறிவேப்பிலையை வாளி வாளியாக எடுத்தாலும் உப்பு தெரியாது. வாட்ஸப் குழுவில் சுற்றும் ஃபாரத்துக்கு வந்து விழுவது மிதக்கிற கறிவேப்பிலைதான். 384 வந்தாலும் சரி, 3,840 வந்தாலும் சரி.

இதை முதுகலை முதல் வருஷத்திலேயே சொல்லித்தர வேண்டும். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருஷ எம்.எஸ்ஸி.யில் ஆய்வு முறைகள் என்று ஒரே ஒரு பேப்பர். கெஸ்ட் லெக்சரர் பாதியில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், மீதியை நோட்ஸில் படித்தார்கள். மற்றபடி கேமரா, எடிட்டிங், அனிமேஷன். சேர்க்கைக்கு வரும் அப்பா அம்மாவுக்குப் பச்சைத் திரை ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டினார்களாம், ட்ரோன் பறக்கவிட்டுக் காட்டினார்களாம். மீடியா டெக்னாலஜி என்றால் அவர்கள் அகராதியில் வாங்கி வைக்கும் சாமான். ட்ரோன் இருக்கிறது, லால்குடிக்குப் போய்வர பஸ் காசு கிடையாது. களப்பணிக்கு என்று ஒரு பைசா ஒதுக்கீடு இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம். அதோடு, இது ஓர் இடத்து வியாதியும் இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியரையும் ஒரேயடியாகத் திட்டமாட்டேன். யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கு வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எட்டுப் பேரையும் நிறைத்துக்கொண்டு, வகுப்பு எடுத்து, அக்ரெடிடேஷன் கோப்பும் தயார் செய்கிறவருக்கு ஒரு கேள்வித்தாளை உட்கார்ந்து வாசிக்க நேரம் எங்கே? எண்ணிப் பார்க்கத்தான் நேரம். 384 வந்ததா? வந்தது. சமர்ப்பிக்கலாம்.

2016 விதிகளில், ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கும் கட்டாயம் என்றார்கள். உடனே கட்டுரை போடுவதற்கென்றே கடைகள் முளைத்தன. காசைக் கட்டினால் அடுத்த வாரம் அச்சில். பிறகு 2022ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், எம்.ஃபில். படிப்பையும் நிறுத்தினார்கள். நல்லதா கெட்டதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எனக்கு வேறு கேள்வி. இத்தனை விதி மாற்றத்தில், ஆராய்ச்சி செய்கிறவர் தான் ஆராய்கிற ஜனங்களோடு இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்று எங்காவது ஒரு வரி உண்டா? எனக்குத் தட்டுப்படவில்லை.

நம் நாட்டில் இந்தத் துறை இப்படித் தொடங்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 1956ல் பூனா வானொலி யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை நடத்தியது. மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள். கிராமத்துக்கு ஒரு குழு. வாரம் இரண்டு நாள் கூடி விவசாய நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டதும் விவாதிப்பார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். மொத்தம் இருபது நிகழ்ச்சிகள். பலன் உண்டா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பை பம்பாய் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஏற்றது. அதை நடத்தியவர் பால் நியூராத். வியன்னாவில் பிறந்தவர், டாக்காவ், புகன்வால்ட் வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பியவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்படிப்பட்ட மனிதர் மராட்டியக் கிராமங்களில் ஆட்களை வைத்து, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் ஜனங்களுக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்டு, மன்றம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மன்றம் வைத்த ஊர்களில் அறிவு நன்றாகவே கூடியிருந்தது. அந்த அறிக்கையை யுனெஸ்கோ 1959ல் புத்தகமாகப் போட்டது. எத்தனை எம்.ஏ. மாணவர்கள் அதைத் தொட்டிருப்பார்கள்?

நம் ஊர்க் கதையே இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் 1960களின் பிற்பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தது, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். திருச்சி வானொலி அதைப்பற்றிச் சொல்லிச் சொல்லி, விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். என் வயசுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கடையில் போய் ரேடியோ நெல் இருக்கா என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஓர் ஊடகத்தின் பெயர் ஒரு தானியத்துக்கு வருவது என்பது லேசான சமாசாரமா? அந்த வானொலிக்காரர்கள் வயலுக்கு வந்தார்கள், விவசாயியைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள், வந்த கடிதத்துக்குப் பதில் சொன்னார்கள்.

அப்புறம் 1975. அந்த ஆகஸ்டிலிருந்து அடுத்த ஜூலை வரை ஒரு வருஷம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினார்கள். சைட் திட்டம். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. கோழிவலைக் கம்பியில் செய்த ஆன்டெனா. ஆர்தர் சி. கிளார்க்குக்குக்கூட கொழும்பு வீட்டில் ஒரு செட்டு வைத்துக்கொடுத்தார்கள். நான் சொல்லவந்தது ஆன்டெனாவைப் பற்றி இல்லை. அதே இஸ்ரோவுக்குள் ராக்கெட் விஞ்ஞானிகளுக்குப் பக்கத்திலேயே சமூக ஆய்வாளர்களையும் உட்காரவைத்தார்கள். மானுடவியல் படித்தவர்கள் சில கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். டிவி பெட்டி முன்னால் யார் உட்காருகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் வரவே இல்லை என்று ஊரோடு ஊராக இருந்து எழுதினார்கள். டெக்னாலஜியும் ஆராய்ச்சியும் ஒரே கூரைக்குக் கீழ் என்று இன்று பிராஸ்பெக்டஸில் போடுகிறார்களே, அது நிஜமாகவே நடந்தது அங்கேதான். அந்தச் சமயத்தில் அகமதாபாத் மையத்தின் இயக்குநராக இருந்த யஷ்பால் பிற்பாடு யு.ஜி.சி. தலைவராகவே வந்தார். இருந்தும் அந்தப் பழக்கம் பல்கலைக்கழகங்களுக்குள் ஏன் வரவில்லை என்பதை யாராவது பி.எச்டி.க்கு எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தம்பி குறுக்கிடுவார். என் பேரன் வயசு. "அதெல்லாம் பழசு தாத்தா. இப்ப லட்சக்கணக்கான ட்வீட்டை எடுத்து கம்ப்யூட்டர்லயே அலசிடலாம். யார்கிட்டயும் போய்க் கேக்க வேண்டாம்." போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னவருக்கு அன்றைக்கு ரசம் வந்ததால் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்.

முதலாவது, அந்தத் தரவு உங்களுடையது இல்லை. ட்விட்டர் 2023ல் இலவசக் கதவைச் சாத்தியது. அதை நம்பி ஆய்வைத் தொடங்கியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஃபேஸ்புக் பதிவுகளைக் கவனிக்க உதவிய க்ரௌட்டேங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டில் மெட்டா மூடிவிட்டது. கம்பெனிக்காரன் சாவியைத் திருப்பினால் நின்றுபோகிற ஆராய்ச்சியை நம்பி ஒரு துறையை நடத்த முடியுமா? நம் ஊர் ஜனங்கள் பேசிக்கொள்வதோ வாட்ஸப்பில். அது பூட்டிய பெட்டி, அங்கே எந்தக் கம்ப்யூட்டரும் நுழைந்து அள்ள முடியாது.

இரண்டாவது, மொழி. "நல்லா இருப்பீங்கடா" என்று ஒருத்தர் கருத்துப் பெட்டியில் எழுதினால் அது ஆசீர்வாதமா சாபமா? நமக்கு அடுத்த வரி தேவையில்லை, தொனியே போதும். கருவி "நல்லா" என்ற சொல்லைப் பார்த்து நேர்மறை என்று கணக்கில் சேர்த்துவிடும். இதிலும் உழைக்கிறவர்கள் உண்டு. யூடியூபில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட கருத்துகளைத் திரட்டி, மனிதர்களை வைத்துக் குறியிட்டு, 2020ல் சிலர் ஒரு தரவுத்தொகுப்பு செய்தார்கள். அது உருப்படியான வேலை. உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆள் படித்தார்கள் என்பதனால்தான் உருப்படி.

மூன்றாவதாக ஒரு பழைய கதை. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் சி.பி.எஸ். வானொலியின் ஃபிராங்க் ஸ்டாண்டனும் ஒரு இயந்திரம் செய்தார்கள். நேயர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு பொத்தான். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. நகரும் காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். எந்த நிமிஷத்தில் ஜனங்களுக்குப் பிடிக்காமல் போயிற்று என்று அச்சாகத் தெரிந்துவிடும். சரி, ஏன் பிடிக்கவில்லை? இயந்திரத்துக்குத் தெரியாது. 1941ல் ராபர்ட் மெர்ட்டனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட லாசர்ஸ்ஃபெல்ட், சாப்பிடவிடாமல் அந்த ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனார். மெர்ட்டன் பார்த்தார். பொத்தான் அமுக்கி முடித்தவர்களிடம் ஏன் ஏன் என்று கேட்கிறவர் சரியாகக் கேட்கவில்லை என்று பட்டது. அவரே உட்கார்ந்து கேட்டார். குவி நேர்காணல் என்ற முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. இயந்திரம் எந்த இடம் என்று காட்டும், ஏன் என்று மனிதன்தான் கேட்க வேண்டும். எண்பது வருஷத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தது. இன்றைய மென்பொருளும் அந்தப் பச்சை சிவப்புப் பொத்தான்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்ட ஆளை மட்டும் செலவு மிச்சம் என்று எடுத்துவிட்டார்கள்.

திட்டினால் மட்டும் போதுமா என்று வீட்டம்மா கேட்டாள். நியாயம்தான். அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறினேன். எனக்கு 76 வயசு, முழங்கால் ஒத்துழைக்காது. இருந்தாலும் போனோம். ஃபாரத்தைக் கையில் எடுக்கக்கூடாது, போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும், முதல் அரைமணி கேள்வியே கேட்கக்கூடாது என்று மூன்று கண்டிஷன் போட்டேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அறுபதைத் தொட்ட அம்மா, புருஷன் இல்லை, ஒன்றேகால் ஏக்கர் குத்தகை. மோர் கொடுத்தார். இவள் கொஞ்சம் திணறி, பிறகு பேச ஆரம்பித்தாள். மழை வருமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்மா? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் யூடியூபில் வானிலைக்காரர் ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, வாய்ஸ் மெசேஜ் அனுப்புவானாம். எந்தப் போனுக்கு? பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர் போனுக்கு. அவர் சாயந்திரம் வேலை முடிந்து வந்து போட்டுக்காட்டுவார். அவர் குடித்திருந்தால் அன்றைக்குச் செய்தி கிடையாது! பூச்சிக்கு என்ன மருந்து? உரக்கடைக்காரர் சொல்கிறதுதான். உரக்கடைக்காரருக்கு யார் சொல்கிறார்கள்? அது அவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் பஸ்ஸில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, என் ஃபாரத்துல இந்த அம்மா எதை டிக் பண்ணுவாங்க? சமூக ஊடகம் பயன்படுத்துறாங்களா இல்லையா?" என்றாள். போன் இல்லை, அதனால் இல்லை என்றுதான் விழும். ஆனால் அந்த அம்மாவின் விதைப்புத் தேதியை நிச்சயிப்பது யூடியூப். நடுவில் ஒரு மகன், ஒரு டிரைவர், ஒரு குவார்ட்டர் பாட்டில். லாசர்ஸ்ஃபெல்ட் 1940ல் ஒஹையோ மாநிலத்து ஈரி கவுன்டியில் 600 பேரைத் தேர்தல் வரைக்கும் மாதாமாதம் கேட்டுக் கண்டுபிடித்தாரே, ஊடகத்தின் பேச்சு நேராக வருவதில்லை, தெரிந்த மனுஷன் வழியாகத்தான் வருகிறது என்று, அதை அவள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். அன்றைக்குத் திண்ணையில்தான் அதை நேரில் பார்த்தாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மீடியா ஆராய்ச்சி என்று பட்டம் கொடுக்கிறவர்கள், ஒரு ட்ரோன் வாங்கும் காசில் பத்துப் பிள்ளைகளை மூன்று மாதம் ஓர் ஊரில் தங்கவையுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் பார்த்துக் கொடுப்பது உங்கள் வேலை, அதைச் சாக்காக்கி அனுப்பாமல் இருக்காதீர்கள். வாய்வாவில் அட்டவணையைக் கேட்பதற்கு முன்னால், களக்குறிப்பு நோட்டைக் கேளுங்கள். மழையில் நனைந்த நோட்டா, வீட்டில் உட்கார்ந்து எழுதிய நோட்டா என்று என்னைப் போன்றவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். கூப்பிட்டால் வருகிறேன், டி.ஏ. கூட வேண்டாம். முடிந்த ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கம் அடித்து, பதில் சொன்ன ஊருக்கே கொண்டுபோய்ப் படித்துக்காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள், இலவசமாக.

அவள் இதுவரை தனியாகவே நான்கு தடவை போய்வந்துவிட்டாள். பதினோரு பேரிடம் பேசியிருக்கிறாள். உரக்கடைக்காரர் முதல் தடவை முறைத்தாராம், மூன்றாம் தடவை டீ வாங்கிக் கொடுத்தாராம். இதையெல்லாம் எழுதி வழிகாட்டிக்குக் கொடுத்ததில், "சுவாரசியமா இருக்கு, பின்னிணைப்புல போட்டுக்கலாம். 384 என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். இரண்டையும் செய்யப்போகிறேன் என்கிறாள். அவளுக்கும் வயசாகிறது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ஸ்காலர்ஷிப் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. இரண்டையும் செய்யாதே, அதைத் தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பதிலையாவது எடுத்துவிடச் சொன்னேன் அல்லவா? நேற்று வந்து சொன்னாள். ஃபாரத்தில் பெயர் கேட்கவில்லை, அதனால் எது என்னுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். ஒரு ஏக்கருக்குக் கீழ் என்று போட்டவர்கள் நிறையப் பேர். நடுவிடையையே வரிசையாகத் தட்டியவர்களும் நிறையப் பேர்.